விரல் நின்ற இடம்: யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியனின் 41 நாள்

"ஒருத்தரும் என்னைத் தள்ளேல்லை பெரியம்மா. நான்தான் யோசிச்சு முடிவெடுத்தனான்."

என் தங்கையின் மகன் இதைச் சொன்னபோது கொக்குவிலில் அவர்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். 8 இலட்சம் ரூபாய் போய்விட்டது. தொழில்நுட்பக் கல்லூரியில் பாதி முடித்திருந்த மின்னியல் பாடநெறியை விட்டுவிட்டான். தங்கையின் தாலிக்கொடியும் இரண்டு சோடிக் காப்பும் அடைவில் கிடந்தன. காசை வாங்கிய ஏஜென்சிக்காரரின் போன் மூன்று வாரமாக வேலை செய்யவில்லை. இவ்வளவுக்குப் பிறகும், முடிவு தன்னுடையது என்பதில் மட்டும் அவன் பிடிவாதமாக நின்றான்.

அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். 22 வயதுப் பிள்ளை தன் பிழையை இன்னொருவர் தலையில் போடாமல் நிற்பது நல்ல குணம். ஆனால் நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவள். யோசித்து முடிவெடுத்தான் என்றால், எதை வைத்து யோசித்தான்? அது அவன் கண்ணுக்கு முன்னால் எப்படி வந்தது? இந்த இரண்டையும் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அவன் சம்மதத்தோடு, அவனுடைய போனில் ஒரே ஒரு குறும்வீடியோச் செயலியின் 41 நாள் பார்வைப் பதிவை எடுத்து, இரண்டு பேருமாக வரி வரியாக வாசித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முழுவதையும் அவன் வாசித்து, "போடுங்கோ" என்று சொன்ன பிறகே வெளியே விடுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தச் செயலியின் பெயரையும் ஏஜென்சியின் பெயரையும் சொல்லப் போவதில்லை.

வீடு

அவன் 2002இல் பிறந்தவன், சமாதான காலத்துப் பிள்ளை. 2006 ஆகஸ்டில் போர் திரும்பவும் மூண்டு, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 பாதை பூட்டுப்பட்டது. அடுத்த வருடம் தகப்பன் கப்பலில் திருகோணமலைக்குப் போய், கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஒருவழியாகப் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் இரண்டு வருடம் ஒழுங்காகக் காசு வந்தது, போன் வந்தது. அப்புறம் குறைந்தது. அப்புறம் நின்றது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் என்று ஊர் சொன்னது. தங்கை அதைப் பற்றிக் கதைப்பதில்லை. தையல் மெஷினை வைத்துப் பிள்ளையை வளர்த்தாள்.

பெடியன் ஏ.எல் என்கிற உயர்தரப் பரீட்சையைத் தொழில்நுட்பப் பிரிவில் செய்தான். கெம்பஸுக்குப் புள்ளி காணவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான். சனி, ஞாயிறுகளில் வயரிங் வேலை செய்கிற அண்ணை ஒருவரோடு போய் வந்தான். கை சுத்தமான வேலைக்காரன் என்று அந்த அண்ணையே என்னிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் அவன், தாய், அம்மம்மா. மூன்று பேர், மூன்று போன்.

இந்த மூன்று போனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஏ.எல் படித்த 90களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்போம். பிபிசி தமிழோசை நேரத்துக்கு அயலட்டத்தில் பத்துப் பேர் வந்து குந்தியிருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே செய்தி. முடிந்த கையோடு வாதம் தொடங்கும்: அவன் சொல்வது பொய், இல்லை உண்மை, நீ சரியாகக் கேட்கவில்லை. அந்தக் காலம் இனிமையானது என்று நான் சொல்ல மாட்டேன், பயந்து செத்த காலம். ஆனால் பக்கத்தில் இருப்பவரின் காதில் என்ன விழுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தங்கையின் வீட்டிலோ, ஒரே விறாந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்த மூன்று பேரில் ஒருவர் மற்றவருக்கு என்ன காட்டப்படுகிறது என்று அறியவில்லை. 41 நாளும் அறியவில்லை.

பட்டியல்

இந்தச் செயலிகள் பலவற்றில் உங்கள் தரவைப் பதிவிறக்கம் செய்யும் வசதி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய்க் கேட்டால் சில நாளில் ஒரு கோப்பு வரும். இவனுடைய கோப்பில் ஒவ்வொரு வீடியோவுக்கும் இரண்டு விபரம் மட்டும்: பார்க்கத் தொடங்கிய நாள்-நேரம், வீடியோவின் இணைப்பு. எவ்வளவு நேரம் பார்த்தான் என்று இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கலாம். அடுத்த வரியின் நேரத்திலிருந்து இந்த வரியின் நேரத்தைக் கழித்தால் போதும். முழுப் பட்டியலையும் எக்செலில் போட்டு, பக்கத்தில் ஒரு நிரலில் கழித்தல் கணக்கைப் போட்டேன். மூன்று செக்கன் என்றால் தள்ளிவிட்டான். நாற்பது செக்கன் என்றால் நின்றான்.

முதல் ஐந்து நாள்: கிரிக்கெட், மோட்டார்சைக்கிள், பகிடி, பாட்டு, மின்பலகை வயரிங் காட்டித்தருகிற தமிழ்நாட்டு ஆள் ஒருவர். இரவு ஒன்பதுக்குத் தொடங்கும், பத்தரைக்குள் ஓயும். எந்தப் பெடியனின் போனைத் திறந்தாலும் இதுதான்.

ஆறாம் நாள் இரவு 11.07க்கு ஒரு வீடியோ. அதைச் செயலி தானாகக் கொண்டுவரவில்லை, வட்ஸ்அப்பில் ஒரு சிநேகிதன் அனுப்பிய இணைப்பு. இவனோடு ஒரே வகுப்பில் படித்துவிட்டு 2023இல் விசிட் விசாவில் கனடா போனவன். அந்த வருடம் ஊரிலிருந்து அப்படி எத்தனையோ பேர் போனார்கள். வீடியோவில் பனிக்குள் மண்வெட்டியோடு நின்று சிரிக்கிறான். 19 செக்கன் வீடியோ, இடைவெளி 58 செக்கன். மூன்று தரம் பார்த்திருக்கிறான்.

"மச்சான் எப்பிடி நிக்கிறான் எண்டு பார்த்தனான். அவ்வளவுதான்" என்றான். அது உண்மை என்று நம்புகிறேன். சிநேகிதனைக் கண்ட சந்தோஷம்.

அடுத்த நாள் பட்டியலில் பனி வீடியோ இரண்டு. இரண்டையும் முழுதாகப் பார்த்தான். ஒன்பதாம் நாள், ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு சம்பளம் என்று டொலரில் சொல்லி, அதை ரூபாயாக மாற்றிக் காட்டுகிற ஒருவர். பத்தாம் நாள் அதே ஆள், அவரைப் போல இன்னும் இருவர். இதுவரைக்கும் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பதினோராம் நாள் ஒரு வரி வந்தது. இடைவெளி நிரலில் 4 நிமிடம் 10 செக்கன். நான் கழித்தலில் பிழை விட்டேன் என்று நினைத்துத் திரும்பப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு எங்காவது எழுந்து போனாயா என்று கேட்டேன். நினைவில்லை என்றான். இணைப்பைத் திறந்தோம். 34 செக்கன் வீடியோ. கட்டுநாயக்க விமான நிலைய வாசல். ஒரு மனிதர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். நாலைந்து வயதுப் பிள்ளை ஒன்று அவருடைய காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. தாய் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். அது முடிந்து திரும்பத் தொடங்குகிறது. பிள்ளை திரும்பவும் பிடிக்கிறது.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அப்பாவின்ர பை நீலம்" என்றான். அப்புறம் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

அந்த நான்கு நிமிடம் அவன் கனடாவையோ சம்பளத்தையோ பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தான். நின்றது யாருக்காக என்பது கணக்கில் ஏறவில்லை, நின்ற நேரம் மட்டும் ஏறியது. அன்று இரவே அதற்குப் பின்னால் ஆறு பிரியாவிடை வீடியோ வந்தன. அடுத்த நாட்களில் விமானம், ஜன்னலோரம், முகில், இறங்கிய விமான நிலையம், முதல் நாள், முதல் சம்பளம். பிள்ளையின் அழுகை இரண்டு மூன்று நாளில் குறைந்துபோய், பயணம் மட்டும் மிஞ்சியது. கடைசி வாரத்தில் பத்து வீடியோவுக்கு ஏழு வெளிநாடு. பத்தரைக்கு ஓய்ந்த பார்வை ஒன்றரை மணிவரை இழுபட்டது.

உள்ளே நடப்பது

இதற்குப் பின்னால் யாரும் இருந்து யாழ்ப்பாணத்துப் பெடியன்களை ஏற்றி அனுப்பத் திட்டம் போடவில்லை. அப்படி நினைத்தால் விஷயம் பிடிபடாது.

திரையைத் தள்ளும் ஒவ்வொரு தடவையும், எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கிற கணக்குமுறையான அல்கோரிதம் பெருந்தொகையான வீடியோக்களிலிருந்து ஒரு சிறு தொகையை வடித்தெடுக்கிறது. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு கணிப்புப் போடுகிறது. இந்த ஆள் இதை முடியும்வரை பார்ப்பாரா, திரும்பப் பார்ப்பாரா, லைக் போடுவாரா, இன்னொருவருக்கு அனுப்புவாரா. ஒவ்வொரு கணிப்புக்கும் ஒரு நிறை உண்டு. பெருக்கிக் கூட்டிப் புள்ளி கூடியதை முன்னுக்கு வைக்கும். அந்த நிறைகளைத் தீர்மானிப்பது நிறுவனம். பார்க்கிற எங்களிடம் அதை யாரும் கேட்பதில்லை.

பார்க்கும் நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு ஒரு கதை இருக்கிறது. 2012இல் யூடியூப், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று எண்ணுவதைப் பின்தள்ளி, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முக்கிய அளவாக எடுத்தது. ஏமாற்றுத் தலைப்பும் பொய்ப் படமும் போட்டு ஆள் சேர்ப்பதைக் குறைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் மனிதர் ஒன்றில் நிற்பதற்கு விருப்பம் மட்டும் காரணம் இல்லை. பயத்தில் நிற்போம். பொறாமையில் நிற்போம். பழைய புண்ணைத் தொட்டால் நிற்போம். கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் தாய் ஒருத்தி நிற்கிறாள் என்று வையுங்கள். அவள் வாங்க நிற்கிறாளா, விற்ற நகையை நினைத்து நிற்கிறாளா என்று கடைக்காரருக்கு அவள் முகத்தைப் பார்த்தால் விளங்கும். இயந்திரத்துக்கு முகம் இல்லை, செக்கன் மட்டும்தான்.

2021இல் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகை டிக்டொக்கில் 100க்கு மேற்பட்ட தானியங்கிக் கணக்குகளை ஓடவிட்டுப் பார்த்தது. லைக், பின்தொடர்தல் எல்லாவற்றையும் விட, எந்த வீடியோவில் எவ்வளவு நேரம் தரிக்கிறார்கள் என்பதுதான் ஆளைப் பிடித்துக் கொடுக்கிறது என்று கண்டது. சோக வீடியோக்களில் தரிக்கும்படி அமைத்த ஒரு கணக்குக்கு, பிறகு காட்டப்பட்டவற்றில் 93 வீதம் சோகமும் மனச்சோர்வுமாகவே இருந்தன. மனிதர் இயந்திரம் போல ஒரே விதமாகப் பார்ப்பதில்லை என்று டிக்டொக் பதில் சொன்னது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் பெறாமகனின் எக்செல் பட்டியலைப் பார்த்த பிறகு, அந்த 93 எனக்கு வெறும் இலக்கமாகத் தெரியவில்லை.

அடுத்தது, ஒருவருடைய கணக்கு தனியே நிற்பதில்லை. இந்த வீடியோவில் தரித்தவர்கள் வேறு எதில் தரித்தார்கள் என்று பார்த்து, அதைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைக்கும். வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருக்கிற ஊர் இது. கட்டுநாயக்க வாசலில் தரித்தவர்கள் வெளிநாட்டுச் சம்பளத்திலும் தரித்திருப்பார்கள், அதில் அதிசயம் இல்லை. ஆகவே தகப்பனை நினைத்து நின்ற பிள்ளை, போவதற்கு வழி தேடுகிற ஆயிரம் பேரின் வரிசையில் ஏற்றப்பட்டான். அந்த வரிசைக்கு வேண்டிய விளம்பரம் அவனுக்கும் வந்தது.

12.52

முப்பத்திரண்டாம் நாள், இரவு 12.52. ஒரு ஏஜென்சியின் விளம்பரம். ஐரோப்பாவில் களஞ்சிய வேலை, மின்னியல் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. கீழே பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்டு ஒரு படிவம். நிரப்பினான். காலை எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. ஒரு கிழமைக்குள் முதல் 3 இலட்சம், பிறகு 5. கடவுச்சீட்டின் பிரதியும் கொடுத்தான்.

"அதைப் பகல் பதினொரு மணிக்கு நிரப்பியிருப்பியா?" என்று கேட்டேன்.

"பகல் பதினொரு மணிக்கு நான் ஏணியில நிப்பன்" என்றான்.

தாயிடம் கேட்டபோது அவள் சொன்னது வேறு. நல்லூர்த் திருவிழா நேரடி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய போனிலும் அதே ஏஜென்சியின் விளம்பரம் இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறது. மகன் அந்த ஏஜென்சியின் பெயரைச் சொன்னதும், "ஓம், அது தெரிஞ்ச இடம்தானே" என்று நினைத்தாளாம். அவளுக்கு அந்த ஏஜென்சியில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. திரும்பத் திரும்பக் கண்டதால் வந்த பழக்கத்தை அவள் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டாள். "அக்கா, அவன்ர முகத்தைப் பார்க்க ஏலாமக் கிடந்தது. ஒரு மாசமா ஒரே யோசனை. போகட்டும் எண்டு நினைச்சன்" என்றாள். அடுத்த நாள் அடைவுகடைக்குப் போனாள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உரிமம் உள்ள முகவர்களின் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். இரண்டு நிமிட வேலை. அப்படி ஒன்று இருப்பதாக அந்த 41 நாளில் ஒரு வீடியோவும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு, அவன் வகுப்புக்குப் போவதை நிறுத்தியதே எனக்குப் பிந்தித்தான் தெரியும்.

அவன் தள்ளியவை

பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. அதை மறைத்தால் நான் எழுதுகிற இது பொய்யாகிவிடும். பதினாலாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் இடையில் மூன்று வீடியோ, போகாதேங்கோ என்று சொல்கிறவை. ஒன்றில் நாலு மாதமாக வேலை இல்லாமல் நிலக்கீழ் அறையில் ஐந்து பேரோடு இருக்கிறவர் கதைக்கிறார். அந்த மூன்றுக்கும் இடைவெளி 2, 3, 2 செக்கன். தள்ளிவிட்டான். அதன் பிறகு அந்த மாதிரி ஒன்றுகூட வரவில்லை.

இதைக் காட்டியபோது, "அப்ப நான்தானே, பெரியம்மா" என்றான்.

ஓம், தள்ளியது அவனுடைய விரல்தான். ஆனால் வீட்டில் ஒரு பெரியவர் வேண்டாம் என்று சொல்லி, நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், அவர் அடுத்த நாளும் சொல்வார். சண்டை பிடிப்பார். கதைக்காமல் இருந்தாவது உணர்த்துவார். இங்கே மூன்று தரம் முகம் திருப்பியதும் மறுப்புச் சொல்கிற குரல்கள் ஊரை விட்டே போய்விட்டன. தான் எதைத் தள்ளினான் என்பது அவனுக்கே நினைவில்லை. எல்லாரும் போகச் சொல்கிறார்கள் என்றே அவன் நம்பினான், அவன் கண்ட உலகத்தில் அது உண்மையும்கூட. சுயமாக முடிவெடுப்பது என்பதில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். தெரிவு அவனுடையது. தெரிவு செய்ய அவன் முன்னால் பரப்பி வைத்த பொருட்களை அடுக்கியது வேறொன்று. அது அடுக்கிய முறையை அவனுக்குக் காட்டவே இல்லை.

கிணறு

சொன்னால் நம்புவானோ என்று எனக்குச் சந்தேகம். செய்து பார்ப்போம் என்றேன். என் பழைய போனைத் துடைத்துப் புதுக்கணக்கு ஒன்று திறந்தோம். விதி ஒன்றுதான்: லைக் இல்லை, பின்தொடர்தல் இல்லை, தேடல் இல்லை. கிணறோ தண்ணீர் இறைப்பதோ வந்தால் மட்டும் நிற்பது, மற்ற எல்லாவற்றையும் உடனே தள்ளுவது. கிணறு என்று சொன்னவன் அவன்தான். வீட்டுக் கிணறு இறைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

முதலில் ஆட்டம், சமையல், பகிடி, பாட்டு. கனக்கத் தள்ளினோம். ஒரு வயலில் தண்ணீர்ப் பம்ப் ஓடியது, நின்றோம். கொஞ்சம் போக, தமிழ்நாட்டில் குழாய்க்கிணற்றிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்தது. நின்றோம். ஒரு மணித்தியாலம் முடியவில்லை, கிணற்றுக்குள் விழுந்த பசுவைக் கயிறு போட்டுத் தூக்குகிறார்கள், ஆபிரிக்காவில் கையால் கிணறு வெட்டுகிறார்கள், ஒருவர் கிணற்றடியில் இருந்து கவிதை வாசிக்கிறார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பல நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட சிரிப்பு.

அடுத்த நாள் இன்னொரு கணக்கு. இம்முறை அழுகிற முகம் வந்தால் மட்டும் நிற்பது. போனை அவன் பிடித்துக்கொண்டான். அம்மா பாட்டுகள் வந்தன, பிரிந்துபோன காதலர்கள் வந்தார்கள், இரவில் தனியே இருப்பவர்களுக்கான வசனங்கள் வந்தன, ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. பிறகு விமான நிலைய வாசல். வேறு பிள்ளை, வேறு தகப்பன். நின்றோம். நாலைந்து தள்ளலுக்குப் பிறகு பனி விழுந்தது.

நாங்கள் பனியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவன் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தான்.

"பெரியம்மா, இதுக்கு என்னைத் தெரியாது. என்ர விரலை மட்டும்தான் தெரியும்."

இரண்டு கணக்கை வைத்து ஒருவரும் ஆய்வு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்துதான் பார்த்தோம், போனின் மொழி தமிழ், அவை தாமே பல விஷயத்தைச் சொல்லிவிடும். ஆனால் அவனுக்கு இது போதுமாக இருந்தது.

எல்லாம் அல்கோரிதமா?

இல்லை. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. பெற்றோல் வரிசையில் நின்றபோது போகலாமா என்று யோசிக்காத இளம்பிள்ளை குறைவு. அதே வருடம் நவம்பரில், கனடாவுக்கென்று வெளிக்கிட்ட 303 இலங்கையர் வியட்நாம் பக்கத்துக் கடலில் மூழ்கும் நிலையில் இருந்த கப்பலிலிருந்து மீட்கப்பட்டார்கள். குறும்வீடியோ இல்லாத காலத்திலும் ஊர் வெறுமையானது. தகப்பன் போனது ஒரு செயலியைப் பார்த்து அல்ல.

ஆராய்ச்சிகளும் ஒரே திசையில் பேசவில்லை. 2020 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் பேஸ்புக், இன்ஸ்டகிராம் பயனர்கள் சிலருக்கு அல்கோரிதத்தை நிறுத்தி, நேர வரிசைப்படி மூன்று மாதம் காட்டிப் பார்த்தார்கள். 2023இல் வெளிவந்த முடிவு: அவர்கள் அந்தத் தளங்களில் செலவழித்த நேரம் குறைந்தது, ஆனால் அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஊறிப்போன கருத்தை மூன்று மாதத்தில் அசைப்பது கஷ்டம் என்பதை நான் ஏற்கிறேன். இவனிடம் இருந்தது அப்படி ஊறிய கருத்தல்ல. போவதா இருப்பதா என்று இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்த மனம். அதற்கு ஒரு பக்கக் காற்று மட்டும் 30 நாள் அடித்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

இலங்கைக்கு இந்த விஷயம் புதிதும் அல்ல. 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது அரசு பேஸ்புக்கை முடக்கியது. தன் தளம் அதற்குப் பயன்பட்டதற்காக 2020 மேயில் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அன்று பிரச்சினை வெறுப்புச் சொற்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் கூற்றுகளைத்தான் குறிவைக்கிறது, எதைச் சொன்னால் குற்றம் என்று. இவனுடைய 41 நாளில் குற்றமான சொல் எங்கே? பனியில் சிரிக்கிற சிநேகிதன் குற்றமா, காலைப் பிடித்து அழுகிற பிள்ளை குற்றமா? தனித்தனியே எடுத்தால் நீக்க வேண்டிய வீடியோ ஒன்றுமில்லை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய வரிசைதான் வேலை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டப்படி, 2023 ஆகஸ்டிலிருந்து பெரிய தளங்கள் பயனரின் நடத்தையை வைத்து அடுக்காத ஒரு வரிசையையும் தெரிவாகக் கொடுக்க வேண்டும். இவன் போக நினைத்த ஐரோப்பாவில் இருக்கிற பிள்ளைக்கு அந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது. கொக்குவிலில் இருக்கிற பிள்ளைக்கும் அது வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

இப்போது

அவன் அந்தச் செயலியை அழிக்கவில்லை. சிநேகிதர்கள் எல்லாரும் அதில்தான். ஆனால் பரிந்துரைகளைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கினான், பல செயலிகளில் இப்போது அந்த வசதி உண்டு. யூடியூபில் பார்வை வரலாற்றைத் துடைத்து, நிறுத்தியிருக்கிறான். 2023இலிருந்து அப்படிச் செய்தால் முகப்புப் பக்கம் வெறுமையாக இருக்கும், வேண்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். போன் இரவில் அம்மம்மாவின் மேசையில் சார்ஜில் கிடக்கிறது. அம்மம்மா பத்து மணிக்குப் படுப்பவர், அவரை எழுப்பிப் போனை எடுக்க அவனுக்கு மனம் வராது. பூட்டுப் போடுகிற செயலிகளை விட அது நன்றாக வேலை செய்கிறது.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். காசு வரவில்லை. அடைவு வட்டியை நானும் தங்கையும் பாதிப் பாதியாகக் கட்டுகிறோம். அவன் கிழமைக்கு ஆறு நாள் வயரிங் வேலைக்குப் போகிறான்.

சென்ற ஞாயிறு திரும்பவும் கேட்டேன், "தம்பி, போக விருப்பமோ இன்னும்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "தெரியேல்லை பெரியம்மா. முந்தித் தெரியும் எண்டு நினைச்சன்." பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் அடுத்த பிரிவுக்கு விண்ணப்பம் எப்போது எடுப்பார்கள், விட்ட பாதியிலிருந்து தொடர விடுவார்களா, இல்லை முதலிலிருந்தா என்று கேட்டான். திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் போய் விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.